தொமோயேயின் ரத்தப் பரிசோதனை

எங்கள் சந்தில் ஓய்வு வேண்டுமென்றால் முதலில் உடம்பில் ஒரு வியாதி வேண்டும். "சும்மா ஒரு நாள் வெளியே போய்விட்டு வருகிறேன்" என்று எந்த வீட்டு மூத்த மருமகளும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றால் மட்டும் வழி விடுவார்கள், கையில் குடையும் கொடுத்து அனுப்புவார்கள். சந்து முனையில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருப்பவள் நான். தலையைப் பின்னால் சாய்த்து வெந்நீர் ஊற்றினால் எப்பேர்ப்பட்டவளும் வாயைத் திறந்துவிடுவாள். அதனால் எந்த வீட்டில் யாருக்கு என்ன வியாதி, அதில் எது நிஜம், எது தேவைக்காக வந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

குரிமோதோ வீட்டுத் தொமோயே மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். வெந்நீர் பட்டதும் தூங்கிவிடுவாள். முடி வெட்டுவதற்குப் பதினைந்து நிமிஷம் போதும், ஆனால் அவள் வந்தால் நான் அரை மணி நேரம் வெட்டுவேன். ஒரே முடியைத் திரும்பத் திரும்பச் சீவிக்கொண்டு நிற்பேன். அவள் தலையில் எப்போதும் பொரித்த எண்ணெய் வாசனை. காலையில் மாமியாரைப் பகல்நேரக் காப்பகத்து வண்டியில் ஏற்றிவிட்டு, சூப்பர் மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு உருண்டை பொரிக்கப் போவாள். வண்டி திரும்புவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும். அப்புறம் மறுநாள் காலை வரை மாமியார் ஷிகேயுடன்தான்.

ஷிகேவுக்கு எண்பத்தேழு வயது. உடம்பு கல் மாதிரி. புத்திதான் தளர்ந்துபோய்விட்டது. சாப்பிட்ட அரை மணியில், ஒரு வாரமாகச் சோறே போடவில்லை என்று தெருவில் நின்று சொல்லுவார். தொமோயேயின் கணவன் மூன்று வருஷத்துக்கு முன்னால் மூளையில் ரத்தம் கட்டிப் போய்ச் சேர்ந்தான். பிள்ளை குட்டி இல்லை. இவள் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டோம். நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடியட்டும் என்றாள். பிறகு குளிர்காலம் கழியட்டும் என்றாள். வசந்தம் வந்தபோது மாமியார் அரிசி குக்கரைக் குளியல் தொட்டியில் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். அதோடு போகும் பேச்சு நின்றுவிட்டது.

என் கடைச் சுவரில் ஒரு வங்கிக் காலண்டர் உண்டு. அந்த வருஷம் செப்டம்பர் மாதத்துக்கு ஹினோசே கோட்டையின் படம் போட்டிருந்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் நான் தாளைப் புரட்டிய அன்று, தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு நாற்காலியில் இருந்த தொமோயே தூங்காமல் அதையே பார்த்தாள்.

"அக்கா, இது எங்க இருக்கு?"

"ஹினோசே. ரயில்ல ஒரு மணி நேரம். இத்தனை வருஷமா இங்க இருக்கே, போனதில்லையா?"

"அவரு ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம்னு சொல்லுவாரு."

"போனாலும் ஒண்ணும் இல்ல. மேல கட்டடமே கிடையாது. வெறும் கல்லு. பக்கத்துல ஒரு அருவி."

"கல்லுன்னா நல்லதுதான், அக்கா. கல்லு எதையும் கேக்காது."

அவள் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கத்தரிக்கோலை வைத்துவிட்டு, "ஒரு நாள் போயிட்டு வா. மசுமியை வரச் சொல்லு. அவளுக்குந்தானே அம்மா?" என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொல்லிவிட்டேன்.

மசுமி என்பவள் ஷிகேயின் மகள், தொமோயேவுக்கு நாத்தனார். இரண்டு மணி நேரத் தொலைவில் நகரத்தில் இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள். புது வருஷத்துக்கும் கோடையில் முன்னோர் நாளுக்கும் ஒரு முலாம்பழத்தோடு வருவாள். இரண்டு மணி நேரம் உட்காருவாள். ஜன்னல் கட்டையில் விரலை வைத்துத் தூசி பார்ப்பாள். அவளிடம் போய், ஊர் சுற்றப் போகிறேன், உன் அம்மாவைப் பார்த்துக்கொள் என்று தொமோயேயால் சொல்ல முடியுமா? ஆகவே வியாதி வந்தது. களைப்பாக இருக்கிறது, ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், நாள் முழுக்க ஆகுமாம் என்று போனில் சொன்னாள். மசுமி, இரு, காலண்டரைப் பார்க்கிறேன் என்றாளாம். அப்புறம், எனக்கு லீவு என்றால் செப்டம்பர் மூன்றாவது திங்கட்கிழமைதான், முதியோர் தினம், அன்றைக்கு வருகிறேன் என்றாளாம். சரி, நானும் அன்றைக்கே போய்க்கொள்கிறேன் என்று இவளும் சொல்லிவிட்டாள். என் கடைக்குத் திங்கட்கிழமை எப்போதுமே விடுமுறை. அதனால் நானும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

"தெரிஞ்சுபோச்சுன்னா அவ்வளவுதான், அக்கா. மசுமி இனிமே ஒரு நாள்கூட வந்து நிக்க மாட்டா. என் ஆயுசுக்கும் இந்த ஒரு நாளோட சரி," என்றாள் தொமோயே.

பயத்தில் அவள் செய்த ஏற்பாடுகளைக் கேட்டால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். மலை ஏறப் போகிறவள் தொப்பி எடுத்துக்கொள்ளவில்லை, ஆஸ்பத்திரிக்கு எதற்குத் தொப்பி? காலில் அந்தக் கறுப்புத் தட்டைச் செருப்பு, கழற்றி மாட்ட வசதியாக. பையில் காப்பீட்டு அட்டை, மாற்று உள்ளாடை. எல்லாவற்றுக்கும் மேலாக, ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டுமே என்று காலையில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. மசுமி வாசலில் நின்று, "நல்லா காட்டிட்டு வாங்க, அண்ணி. எங்க அண்ணனும் டாக்டர்கிட்ட போகாமத்தான் போனான்," என்றாளாம். அந்த வார்த்தை ரயில் ஏறும் வரை குத்திக்கொண்டே வந்தது என்றாள்.

ஒரே பெட்டி உள்ள பாசஞ்சர் ரயில். அறுவடைக்கு நிற்கும் வயல்கள், வரப்பெல்லாம் சிவப்புப் பூ. தொமோயே ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். இதையெல்லாம் பார்க்கத்தான் வந்தோம், பார்க்க வேண்டும் என்று கண்ணை அகல விரித்து வைத்துக்கொண்டாளாம். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டேன். தெரியவில்லை, இந்நேரம் அத்தைக்கு மாத்திரை கொடுத்திருப்பாளா என்றுதான் இருந்தது என்றாள்.

கோட்டைக்குக் கல் படிகள். மழை பெய்து பாசி பிடித்திருந்தது. அந்தச் செருப்போடு இரண்டு இடத்தில் சறுக்கி உட்கார்ந்தாள். பக்கத்தில் ஏறிய குடும்பங்கள் எல்லாம் பெரிய பூட்ஸும் ஊன்றுகோலுமாக இவளைப் பார்த்துப் பார்த்துப் போயின. மேலே போனபோது பசியில் கண் இருட்டியது. நான் சொன்ன மாதிரிதான், கட்டடம் எதுவும் இல்லை. மூன்று ஆள் உயரத்துக்குக் கல் சுவர், நடுவில் புல், ஒரு பைன் மரம், அதன் கீழே மரப் பெஞ்சு.

பச்சைச் சட்டை போட்ட ஒருவர் அங்கே காத்திருந்தார். இவாதா என்று பெயர். தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றவர், கோட்டைக்கு வருகிறவர்களுக்குச் சம்பளமில்லாமல் கதை சொல்லுகிற வழிகாட்டி. தனியாக ஒரு பெண் வந்ததும் மடித்து வைத்திருந்த வரைபடத்தை விரித்துவிட்டார். மறுத்தால் மனசு நோகுமே என்று தொமோயே பெஞ்சில் உட்கார்ந்தாள். "ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி, இதே மாதிரி ஒரு இலையுதிர் காலத்துல," என்று அவர் ஆரம்பித்ததுதான் அவளுக்குத் தெரியும்.

விழித்தபோது வெயில் பைன் மரத்தின் அந்தப் பக்கம் போயிருந்தது. பெஞ்சில் நீட்டிப் படுத்திருந்தாள். முகத்துக்கு மேல் ஒரு குடை, பெஞ்சின் சாய்வில் கயிற்றால் கட்டியிருந்தது. இவாதா கொஞ்சம் தள்ளிக் கல்லில் உட்கார்ந்து சோற்றுருண்டை தின்றுகொண்டிருந்தார்.

தொமோயே பதறி எழுந்து இடுப்பை வளைத்து வணங்கினாள். "மன்னிச்சிடுங்க. நீங்க பேசிட்டிருக்கும்போதே..."

"பரவால்லைங்க. இங்க பேசறப்ப கொட்டாவி விட்டவங்க உண்டு, பாதியில எழுந்து போனவங்க உண்டு. காலை நீட்டிப் படுத்தது நீங்கதான்."

"ரொம்ப நேரம் தூங்கிட்டேனா?"

"நாலு கூட்டம் வந்து போச்சு. நீங்க முழிச்சிடப் போறீங்களேன்னு நாலு தடவையும் மெதுவாப் பேசினேன். சண்டைக் கதைய மெதுவாச் சொன்னா நல்லாவே இல்லைங்க."

அவள் சிரித்துவிட்டாள். அதே நேரம் வயிறு அவர் காதில் விழுகிற அளவுக்குச் சத்தம் போட்டது. அவர் இன்னொரு சோற்றுருண்டையை எடுத்துக் கொடுத்தார். உள்ளே உப்புப் போட்ட பிளம். அந்த மாதிரி ருசியாக ஒன்றைச் சமீபத்தில் சாப்பிட்டதில்லை என்றாள். எனக்கு அது ஆச்சரியமில்லை. வேறொருத்தர் பிடித்த உருண்டையை அவள் சாப்பிட்டே எவ்வளவு காலமாயிற்று!

தின்று முடித்ததும் அவருக்கு ஏதாவது ஒன்று கேட்க வேண்டும் என்று தோன்றியது. "இவ்வளவு உயரத்துல தண்ணி ஏதுங்க?" என்றாள்.

இவாதாவுக்கு முகம் மலர்ந்தது. "கீழ ஊத்து இருக்கு. அங்கேருந்து மேல கொண்டுவருவாங்க."

"யாரு தூக்கிட்டு வருவாங்க?"

அவர் வரைபடத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "அது எதுலயும் எழுதி வைக்கலைங்க."

"வைக்க மாட்டாங்க," என்றாள் தொமோயே.

போனை எடுத்துப் பார்த்தாள். வீட்டிலிருந்து அழைப்பு எதுவும் இல்லை. கூப்பிட்டிருந்தால் ஒரு பயம், கூப்பிடாவிட்டால் இரண்டு பயம். கீழே இறங்கி அருவிக்குப் போகும் பாதையைப் பிடித்தாள்.

அருவியில் விடுமுறைக் கூட்டம். முதியோர் தினம் என்பதால் வயசானவர்களை அழைத்து வந்தவர்கள் அதிகம். ஒரு மகன் தன் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான், அந்த அம்மாவின் வலது கால் பலகையில் இல்லாமல் தரையில் இழுபட்டது. அவன் கவனிக்கவில்லை, அருவியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். தொமோயே போய்க் குனிந்து காலை எடுத்துப் பலகையில் வைத்து, நழுவியிருந்த காலுறையையும் இழுத்துவிட்டாள். வைத்த பிறகுதான், இன்றைக்கு நான் இதைச் செய்ய வேண்டியதில்லையே என்று நினைவு வந்ததாம். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார். யாரும் அவளைத் தட்டிக்கொடுப்பதில்லை என்பதால் அவள் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றாள்.

பிறகு தண்ணீருக்கு அருகே ஒரு பாறையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். குதிகாலில் தோல் உரிந்திருந்தது. அருவிச் சத்தத்தில் அழுதால் யாருக்கும் கேட்காது, ஒரு பாட்டம் அழுதுவிட்டு வரலாம் என்று நினைத்துத்தான் அங்கே போனாளாம். அழுகை வரவில்லை. கொட்டாவிதான் வந்தது, ஒன்றன் பின் ஒன்றாக. அழுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

திரும்பும் ரயிலுக்கு முன்னால், ஹினோசே நிலையத்துக் கழிப்பறையில், கடைசி ஏற்பாட்டையும் செய்தாள். பையிலிருந்து பஞ்சும் பிளாஸ்திரியும் எடுத்து, ரத்தம் எடுத்த மாதிரி முழங்கை மடிப்பில் ஒட்டிக்கொண்டாள். காலையில் வந்த ரயிலின் டிக்கெட்டுத் துண்டைக் கிழித்துப் போட்டாள். செருப்பிலிருந்த பாசியைத் துடைத்தாள். இத்தனையும் செய்துவிட்டு வெளியே வந்தவள், நேராக எதிரே இருந்த பலகாரக் கடைக்குள் போனாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் சனத்தின் கை அப்படி வளர்ந்த கை. எந்த ஊருக்குப் போனாலும், ஒரு மணி நேரத்துக்குப் போனாலும், வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த ஊர்ப் பலகாரம் வாங்காமல் நிலையத்தைத் தாண்டினால் எதையோ திருடிக்கொண்டு வந்த மாதிரி இருக்கும். நமக்காக ஒருத்தி நாள் முழுக்கக் கஷ்டப்பட்டிருக்கிறாள் என்றால் கேட்கவே வேண்டாம். பயறுப் பூரணம் வைத்து அவித்த மான்ஜூ ஒரு பெட்டி. கடைக்காரி அதை அழகான காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். காகிதம் முழுக்கக் கோட்டைச் சுவரும் அருவியும், நடுவில் பெரிய எழுத்தில் ஹினோசே என்று ஊர்ப்பெயரும். அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ரயிலில் வந்திருக்கிறாள், ஒன்றும் தோன்றவில்லை.

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. முதியோர் தினத்துக்கென்று ஆக்கிய சிவப்புப் பயறுச் சோற்றை ஒரு பெட்டியில் எடுத்துக்கொண்டு சாயங்காலம் குரிமோதோ வீட்டுக்குப் போனேன். மசுமி சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். எப்போதும் வாரி முடித்த தலை கலைந்து கிடந்தது. ஏப்ரன் நனைந்திருந்தது, கழுத்தில் ஒரு நகக் கீறல். பக்கத்து அறையில் ஷிகே ஒருவழியாகத் தூங்கியிருந்தார். ஜன்னல் கட்டையைப் பற்றி மசுமி எதுவும் சொல்லவில்லை.

"அண்ணிக்கு உடம்புக்கு என்னக்கா?" என்றாள்.

"டாக்டர்தான் சொல்லணும்," என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

அப்போதுதான் தொமோயே வந்தாள். வாசல் சுவரைப் பிடித்து மெதுவாக ஏறி வந்தவள், தரையில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அந்தப் பெட்டியை மசுமி முன்னால் நகர்த்தினாள். "இன்னைக்கு உன்னை ரொம்பக் கஷ்டப்படுத்திட்டேன். சின்னப் பொருள்தான்."

மசுமி காகிதத்தைப் பார்த்தாள். நான் பார்த்தேன். கடைசியாகத் தொமோயேயும் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனதை நான் கண்ணால் கண்டேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"இப்பல்லாம் ஆஸ்பத்திரி கேன்டீன்ல நல்லதெல்லாம் விக்கிறாங்க," என்றாள் மசுமி.

தொமோயே நெற்றியைத் தரையில் வைத்துவிட்டாள். "மன்னிச்சிடு, மசுமி. நான்..."

"இன்னைக்கு நாடு பூரா லீவு, அண்ணி. எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கும்? நீங்க போன்ல சரின்னப்பவே எனக்குத் தெரியும். அண்ணி பொய் சொல்லத் தெரியாம பொய் சொல்றாங்களே, நேர்ல போய் ஒரு பிடி பிடிக்கணும்னுதான் வந்தேன்."

மசுமி பெட்டியின் காகிதத்தைக் கிழிக்காமல் பிரித்தாள். ஊர்ப்பெயர் உள்ளே போகும்படி நாலாக மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்தாள். ஒரு மான்ஜூவை எடுத்துப் போய் அண்ணன் படத்துக்கு முன்னால் வைத்து மணியைத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"காலையில அம்மா என்னை யாருன்னு கேட்டாங்க. மசுமின்னேன். அப்புறமும் நாள் பூரா, தொமோயே எங்க, தொமோயே எங்கன்னு வாசல்ல போய்ப் போய் நின்னாங்க. நான் ஊட்டினா வாயே திறக்கல. மத்தியானம் என்னை நல்லா பாத்துட்டு, நீ நல்ல பொண்ணா இருக்கியே, எங்க வீட்டுக்கு மருமகளா வர்றியான்னு கேட்டாங்க." அவள் சிரிக்கப் பார்த்தாள், உதடு கோணிக்கொண்டது. "இந்தப் பக்கமே வந்துடாதடி, ஓடிப் போயிடுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஒரு நாள்தான் அண்ணி. ஒரே ஒரு நாள்."

தொமோயே நிமிரவில்லை. அருவியில் வராத அழுகை அந்தச் சமையலறைத் தரையில் வந்தது. சத்தமில்லாத அழுகை, முதுகு மட்டும் ஆடியது. மசுமி அவள் கையை இழுத்து, முழங்கை மடிப்பில் இருந்த பிளாஸ்திரியை மெதுவாக உரித்தாள். பஞ்சுக்குக் கீழே ஒரு புள்ளிகூட இல்லை. அந்த இடத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். உள் அறையிலிருந்து மறுபடி ஷிகே கூப்பிடத் தொடங்கினார், தொமோயே, தொமோயே என்று. தொமோயே எழப் போனாள். மசுமி அவள் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, தான் எழுந்தாள்.

"அடுத்த மாசமும் ஒரு திங்கட்கிழமை லீவு வருது," என்றாள். "அன்னைக்கும் உங்க ஆஸ்பத்திரி திறந்திருக்கும்ல, அண்ணி?"